இரண்டு நாள், ஒரே ஒரு கோட்டை நகரம்: கார்காசோன், ஷினோன், வித்ரே, லோஷ்

பாரிசுக்குச் செல்பவர்களில் பலர், அருங்காட்சியகங்களைப் பார்த்து முடித்தபின், மதிலும் கோபுரமும் குறுகிய கல்தெருக்களும் கொண்ட ஒரு பழைய ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு நாள்களை ஒதுக்குகிறார்கள். அந்த இரண்டு நாள்களை எந்த ஊருக்குக் கொடுப்பது என்பதே இங்குள்ள கேள்வி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'ஷாத்தோ' என்ற ஒரே சொல்லால் பிரெஞ்சு மொழி போர்க்கோட்டையையும் உல்லாச மாளிகையையும் சேர்த்தே குறிக்கிறது. அதனால் கோட்டையைக் காணக் கிளம்பியவர்கள் ஷாம்போருக்கோ ஷெனோன்சோவுக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவை அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் அவை 16ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கும் விருந்துக்குமாக எழுந்தவை. முற்றுகையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. அவற்றின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பழைய நகரம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை.

இக்கட்டுரையில் நான் தேடுவது கோட்டையும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த இடத்தை. கோட்டையை யார் கட்டினார்கள், யார் பறித்தார்கள், அதன் நிழலில் யார் பிழைத்தார்கள் என்பதை நடந்துகொண்டே கல்லில் படித்தறிய முடிய வேண்டும். கார் இல்லாதவரும் சென்றுவர முடிய வேண்டும் என்பதால், 13 கோபுரங்களோடு நான்சோன் ஓடையின் நடுவே நிற்கும் ஃபூஷேர் கோட்டையை, அங்கே இப்போது ரயில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வருத்தத்தோடு விலக்கிவைக்கிறேன். ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள் பாரிசின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ப்ரோவேன் சென்று மாலையில் திரும்பிவிடலாம். இரண்டு நாள் உள்ளவர்களுக்கு நான் முன்வைப்பவை நான்கு ஊர்கள்: தெற்கே கார்காசோன், லுவார் பகுதியில் ஷினோனும் லோஷும், பிரான்சின் வடமேற்கே பிரித்தானிப் பகுதியில் வித்ரே.

கார்காசோனில் இருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் பெரும்பாலோர் மனத்தில் முதலில் எழும் பெயர் அதுதான். ஓத் ஆற்றின் மேலே, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டை மதிலும் 52 கோபுரங்களுமாக அந்த மேட்டு நகரம் தூரத்திலிருந்து தெரியும் காட்சிக்கு ஈடாக பிரான்சில் வேறொன்றைச் சொல்வது கடினம். உள்மதிலின் அடிப்பகுதியைக் கவனித்தால், சிறு கற்களுக்கு இடையே செங்கல் வரிசைகள் ஓடும் ரோமானியர் காலக் கட்டுமானம் தெரிகிறது. நார்போன் வாயிலுக்கு வந்தால், நடுப்பகுதி புடைத்து நிற்கும்படி செதுக்கிய பெருங்கற்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அரசப் படையின் வேலையைக் காட்டுகின்றன. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி. 1209 ஆகஸ்டில், திருச்சபை திரிபுக் கொள்கையினர் என்று ஒதுக்கிய கத்தார் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு எதிரான சிலுவைப்போர் இங்கே வந்தது; இளம் பிரபு ரேமோன்-ரோஜே திரென்காவேல் நகரத்தை ஒப்படைத்து, அதே ஆண்டு நவம்பரில் சிறையில் இறந்தார். அவருடைய மகன் 1240இல் நகரத்தை மீட்க முயன்று தோற்றபின், கோட்டையின் அடிவாரக் குடியிருப்புகள் அழிக்கப்பட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேர்த்தெருக்களுடன் புதிய கீழூர் அமைக்கப்பட்டது. பயணிகள் பலர் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும் அந்தக் கீழூரில்தான் இன்றும் கார்காசோன் மக்கள் வாழ்கிறார்கள்.

1659இல் ஸ்பெயினுடன் ஏற்பட்ட பிரனே உடன்படிக்கை எல்லையைத் தெற்கே தள்ளிவிட்டதால் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1850ஐ ஒட்டி மதில்கள் இடிபடும் நிலைக்கு வந்தன. உள்ளூர் அறிஞர் க்ரோ-மேரெவியேயும், நினைவுச்சின்னங்களின் ஆய்வாளராக இருந்த எழுத்தாளர் புரொஸ்பேர் மெரிமேயும் போராடியிராவிட்டால் இன்று பார்ப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. 1853இல் கட்டடக்கலைஞர் வியோலே-ல-தூக் தொடங்கிய மறுசீரமைப்பு, 1879இல் அவர் இறந்த பின்னும் 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. கோபுரங்களின் மீது அவர் வைத்த கூரான கற்பலகைக் கூரைகள் வடபகுதி வழக்கத்தைச் சேர்ந்தவை, தெற்கின் தாழ்ந்த ஓட்டுக்கூரைகளுக்குப் பொருந்தாதவை என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து இன்றுவரை நிற்கிறது. பிற்காலத்தில் ரோமானியர் காலக் கோபுரங்கள் சிலவற்றின் மேல் ஓடுகள் திரும்ப வேயப்பட்டன. அதை வைத்துக் கார்காசோனைப் போலி என்று ஒதுக்குவது அநீதி என்றே நான் கருதுகிறேன். மதிலின் பெரும்பகுதி பழைய கல்தான். எனக்குள்ள தயக்கம் வேறு. இரு மதில்களுக்கும் இடைப்பட்ட வெளியில் ஏழை நெசவாளர்களும் கூலிகளும் மதிலோடு சாய்த்துக் கட்டி வாழ்ந்த வீடுகள் சீரமைப்பின் பெயரால் அகற்றப்பட்டன. இன்று மேட்டு நகரத்துக்குள் நிரந்தரமாகக் குடியிருப்போர் மிகச் சிலரே; கடைகளும் உணவகங்களும் விடுதிகளுமே தெருக்களை நிரப்புகின்றன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பகலில் அந்தத் தெருக்களில் நடப்பது திருவிழாக் கூட்டத்தில் நகர்வதைப் போன்றது. மதில் வாழ்கிறது, ஊர் இறங்கிப் போய்விட்டது.

ஆயினும் கார்காசோனையே தேர்ந்தெடுப்பவர், மதிலுக்குள்ளோ அதன் அருகிலோ ஓர் இரவு தங்கினால் இழப்பில்லை. மேட்டு நகரத்துக்குள் செல்லவும், மதில்களுக்கு இடையே நடக்கவும் கட்டணம் கிடையாது. பிரபுவின் கோட்டைக்கும் மதிலின் மேல் நடப்பதற்கும்தான் சீட்டு. சான்-நாசேர் தேவாலயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது: கனத்த தூண்களோடு இருண்டு கிடக்கும் முன்பகுதியிலிருந்து, 13, 14ஆம் நூற்றாண்டுகளின் வண்ணக் கண்ணாடிகளால் ஒளிரும் பின்பகுதிக்குள் நுழையும்போது, கட்டடக்கலை கைமாறிய கணத்தையே கடப்பது போல் இருக்கும். பாரிசிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு நாளில் ஏறத்தாழ ஒரு பகல் ரயிலிலேயே கழிந்துவிடும். துலூஸ் வரை வேறு காரணத்துக்காகச் செல்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

ஷினோன் வேறு வகை. வியேன் ஆற்றுக்கும் செங்குத்தான குன்றுக்கும் இடையே ஒடுங்கிய நாடாவைப் போல ஊர் நீள்கிறது. மேலே குன்றின் முழு நீளத்துக்கும் கோட்டை. கோட்டை என்று ஒருமையில் சொன்னாலும், அகழிகளால் பிரிக்கப்பட்ட மூன்று கோட்டைகள் அவை. இங்கிலாந்தின் அரசராகவும் பாதி பிரான்சின் பிரபுவாகவும் இருந்த இரண்டாம் ஹென்றி, சொந்த மகன்களே எதிர்த்து நின்ற நிலையில், 1189 ஜூலை 6 அன்று இங்கே இறந்தார். 1308இல், சிலுவைப்போர்க் காலத்தில் தோன்றிய துறவி-வீரர்களின் தெம்ப்ளர் அமைப்பின் தலைவர் ஜாக் த மொலேயும் அவருடைய தோழர்களும் கூத்ரே கோபுரத்தில் அடைக்கப்பட்டனர். போப்பாண்டவர் அனுப்பிய கார்டினல்கள் அவர்களை விசாரித்த ஆவணம் வத்திக்கான் காப்பகத்தில் 2001இல்தான் அடையாளம் காணப்பட்டது. 1429இல், ஆங்கிலேயருக்கு எதிராகப் பின்னர் பிரெஞ்சுப் படையோடு சென்ற ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண், இன்னும் முடிசூடாதிருந்த பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லை முதன்முதலில் சந்தித்ததும் இங்கேதான்.

இவ்வளவு வரலாற்றையும் நெஞ்சில் சுமந்து மேலே ஏறுபவர் ஒன்றுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஜோன் நுழைந்ததாகச் சொல்லப்படும் பெருமண்டபத்தில் இன்று நிற்பது ஒரு பக்கச் சுவரும், அதன் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கணப்புக் குழியும்தான். தரையும் இல்லை, கூரையும் இல்லை. பக்கத்தில் உள்ள அரச இல்லங்கள் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் புதுக்கூரை வேய்ந்து சீரமைக்கப்பட்டவை. கண்ணுக்குத் தூய்மையாக இருந்தாலும் பழமையின் கனம் அங்கே இல்லை. ஷினோனின் பலம் கீழேயுள்ள ஊர். மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல்லோ சாந்தோ நிரப்பிய வீடுகளும், துஃபோ எனப்படும் மென்மையான வெண்சுண்ணக்கல்லால் கட்டிய மாடங்களும், அதே கல்லை வெட்டியெடுத்த குகைகளில் உறங்கும் திராட்சை மதுப் பீப்பாய்களும் சேர்ந்து, கல்லும் தொழிலும் ஒன்றாகப் பின்னிய ஊராக அதை ஆக்குகின்றன. சாப்பாட்டிலும் மதுவிலும் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த நான்கில் ஷினோன்தான் முதலிடம். ஊரிலிருந்து கோட்டைக்கு மின்தூக்கி இருப்பது முதியவர்களுக்குப் பெரிய உதவி.

வித்ரேயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அதன் சிறப்பு ஒன்றே, ஆனால் அது முழுமையானது. கற்பாறை முனையில் முக்கோண வடிவில் நிற்கும் கோட்டையும், அதன் வாயிலிலிருந்தே தொடங்கும் தெருக்களும் இங்கே பிரியாமல் இருக்கின்றன. போத்ரெரி தெரு என்ற பெயரே தோல் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. ஊரைப் பணக்கார ஊராக்கியது சணல் துணி: கப்பற்பாய்களுக்கும் மூட்டைகளுக்குமான முரட்டுத் துணியைக் கடல் கடந்து விற்ற வித்ரே வணிகர்கள் 1472இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர், அவர்கள் கட்டிய வீடுகளே இன்று நாம் அண்ணாந்து பார்ப்பவை. அரசர்களின் நாடகத்தைவிட வணிகர்களின் வாழ்க்கை முக்கியம் என்பவர் தயங்காமல் வித்ரேக்கே போகலாம். ரென் நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம் போதும். குறை என்று சொன்னால், கோட்டைக்குள் பார்க்க வேண்டியது அரை நாளில் முடிந்துவிடுகிறது. உள்முற்றத்தில் நிற்கும் நகராட்சிக் கட்டடமோ பழைய பாணியில் எழுப்பப்பட்ட 20ஆம் நூற்றாண்டு வேலை.

இப்போது லோஷ். தூர் நகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், ஆந்த்ர் ஆற்றின் கரையில், சுமார் 6,000 பேர் வாழும் சிற்றூர் அது. பெயரைச் சொன்னால் பிரான்சுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அங்கே நீண்டுயர்ந்த ஒரு பாறை மேட்டின் தென்முனையில் தோன்ஜோன் எனப்படும் தலைமைக் கோபுரமும், வடமுனையில் அரச இல்லமும், நடுவே சான்-தூர்ஸ் தேவாலயமும், மூன்றையும் சூழ்ந்து ஒரே மதிலும் இருக்கின்றன. மேட்டிலிருந்து இறங்கினால் ஊரின் சொந்த வாயில்களான பிக்குவா வாயிலும் கோர்தலியே வாயிலும் இன்னும் நிற்கின்றன. போர்க்கோட்டை, தேவாலயம், அரண்மனை, சந்தை ஊர் என்ற நான்கும் பத்து நிமிட நடையில் அடங்கி, ஒவ்வொன்றும் தன் நூற்றாண்டை மறைக்காமல் காட்டுவதே, என்னைப் பொறுத்தவரை, லோஷைத் தேர்ந்தெடுப்பதற்கான முதன்மைக் காரணம்.

அந்தத் தலைமைக் கோபுரத்தின் வயதே ஒரு கதை. நாற்கோண வடிவில், ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்தில் நிற்கும் அதை நெடுங்காலமாக 12ஆம் நூற்றாண்டின் வேலை என்றே எண்ணியிருந்தார்கள். சுவர்களுக்குள் எஞ்சியிருந்த உத்தரத் துண்டுகளின் மரவளையங்களை எண்ணி ஆராய்ந்தபோது, அந்த மரங்கள் 1013க்கும் 1035க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று தெரியவந்தது. அதாவது, கல்லால் கோட்டை கட்டுவதே அரிதாக இருந்த காலத்தில் ஆஞ்சு பிரபு ஃபூல்க் நெரா இதை எழுப்பினார். உள்ளே மாடித் தளங்கள் இன்று இல்லை. அடியில் நின்று மேலே பார்த்தால், சுவரில் உத்தரங்கள் பதிந்த குழிகளும், காற்றில் தொங்கும் கணப்புகளும், எந்தத் தளத்துக்கும் வழி காட்டாத வாயில்களும் வானம்வரை அடுக்கடுக்காகத் தெரிகின்றன. ஷினோனின் பெருமண்டபத்தைப் போலவே இதுவும் வெறுங்கூடுதான். ஆனால் இங்கே நான்கு சுவர்களும் முழு உயரத்துக்கு நிற்பதால், இல்லாத தளங்களை மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது. படிகளில் ஏறி உச்சிக்குச் செல்லலாம். முழங்கால் வலியுள்ளவர்களும் உயரம் கண்டு அஞ்சுபவர்களும் கீழிருந்து பார்ப்பதே போதும், முக்கியமான காட்சி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

1194இல், ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்ட சிங்கநெஞ்சன் ரிச்சர்ட், தாம் இல்லாத வேளையில் தம்பி ஜான் பிரெஞ்சு அரசருக்குக் கொடுத்துவிட்ட இந்தக் கோட்டையை மூன்று மணி நேரத்தில் பறித்தார் என்று சொல்லப்படுகிறது. அதே கோட்டையை அரசர் பிலிப் அகுஸ்து 1205இல் கைப்பற்ற ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையிட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மதிற்கோபுரங்கள் சில, வெளிப்பக்கம் படகின் முனைபோல் கூர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எறியப்படும் பாறை நேராகத் தாக்காமல் வழுக்கிப் போகட்டும் என்ற கணக்கு அது. ஃபூல்க்கின் நாற்கோணக் கோபுரத்தையும் இந்தக் கூர்கோபுரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, இரு நூற்றாண்டுகளில் போர்க்கலை எவ்வளவு மாறியது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் கோட்டை சிறையாயிற்று. லியோனார்தோ தா வின்சியை ஆதரித்த மிலான் பிரபு லுதோவிக்கோ ஸ்ஃபோர்சா, பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயியின் கைதியாக இங்கே அடைபட்டு 1508இல் இறந்தார். தம் அறையின் சுவர்களை அவர் வண்ணம் தீட்டி நிரப்பியிருந்தார்; மங்கிய அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. மாபெரும் ஓவியர்களுக்கு வேலை கொடுத்த ஒரு மனிதர், கடைசியில் தாமே தூரிகையைப் பிடித்துத் தம் சிறைச் சுவரில் வரைந்தார் என்பது, அந்த அறையில் நிற்கும்போது தரும் கனத்தை வேறெந்தக் கோட்டையிலும் நான் உணர்ந்ததில்லை. 1926 வரை இந்தக் கட்டடம் சிறையாகவே பயன்பட்டது.

மேட்டின் மறுமுனையில் உள்ள அரச இல்லம் இதற்கு நேர்மாறு. ஆங்கிலேயரின் முற்றுகையிலிருந்து ஓர்லியான் நகரத்தை மீட்ட வெற்றிக்குப் பின் 1429இல் ஜோன் இங்கே வந்து, ரேன்சுக்குச் சென்று முடிசூடிக்கொள்ளுமாறு சார்லை வற்புறுத்தினார். பின்னாளில் அதே அரசரின் காதலியாக ஆன்யேஸ் சொரெல் இந்த ஊரோடு இணைந்தார். 1450இல், முப்பது வயதை எட்டுமுன் இறந்த அவருடைய கல்லறை சான்-தூர்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது: கைகூப்பிய நிலையில் அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் செதுக்கிய ஒரு பெண், தலைமாட்டில் இரு தேவதூதர்கள், காலடியில் இரு ஆட்டுக்குட்டிகள். அவருடைய எச்சங்களை ஆராய்ந்தபோது மிகுந்த அளவில் பாதரசம் காணப்பட்டது. அது மருந்தாகக் கொடுத்ததா, நஞ்சாகக் கொடுத்ததா என்பது முடிவாகவில்லை. கல்லறையைப் பார்த்த பின் தலையை உயர்த்தினால், தேவாலயத்தின் கூரையே வியக்கவைக்கும்: வழக்கமான வளைவுக் கூரைக்குப் பதிலாக, உள்ளே கூடாக உள்ள எட்டுப்பக்கக் கற்கூம்புகள் இரண்டு, 12ஆம் நூற்றாண்டிலிருந்து நடுமண்டபத்தை மூடி நிற்கின்றன. அரச இல்லத்தில் பிரித்தானியின் ஆன் என்ற பிரெஞ்சு அரசிக்காக அமைத்த சிறு வழிபாட்டு அறையின் சுவரெங்கும் அவருடைய சின்னமான வெண்கீரியின் வால்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அறைக்குள் மூன்று நான்கு பேர் நின்றாலே நெருக்கடிதான்; முடிந்தால் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது.

லோஷின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தூரிலிருந்து ரயிலும், ரயில் இல்லாத வேளைகளில் பேருந்துமாகச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சேவைகள் அடிக்கடி இல்லை என்பதால் திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளாவிட்டால் மாலையில் சிக்கிக்கொள்ள நேரிடும். இரவு எட்டு மணிக்குப் பின் ஊர் ஓய்ந்துவிடும். கார்காசோனைப் போலத் தூரத்திலிருந்து ஒரே பார்வையில் திகைக்கவைக்கும் தோற்றமும் இல்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள், வாளும் கேடயமும் கனவில் வரும் வயதுப் பிள்ளைகளாக இருந்தால், கார்காசோனுக்கே போக வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன். இரட்டை மதிலின் நடுவே ஓடித் திரிவதற்கு ஈடாக எந்த விளக்கப்பலகையும் ஆகாது. நடக்க இயலாத பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கு ஷினோன் எளிது. இவ்விரு நிலைகளும் இல்லாதவருக்கு, பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து தூருக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து லோஷ் என்பதே என் தேர்வு.

வெள்ளிக்கிழமை மாலையில் போய்ச் சேருவது சிறந்தது, ஏனெனில் சனிக்கிழமை காலையில் மேட்டின் அடிவாரத் தெருக்களில் சந்தை கூடுகிறது, புதன்கிழமையும் உண்டு. ஆட்டுப்பாற்கட்டியும் காய்கறியும் வாங்க வந்த ஊர்க்காரர்கள், 16ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டான சான்-தந்துவான் கோபுரத்தின் அடியில் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு கோட்டைக்கு ஏறினால், அந்தச் சுவர்கள் யாருக்காக எழுந்தன என்பது தெளிவாகும். முதல் பகலைக் கோபுரத்துக்கும் சிறைக்கும் கொடுத்துவிட்டு, அரச இல்லத்தையும் தேவாலயத்தையும் இரண்டாம் நாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். அதன்பின் ஆற்றைக் கடந்து, ஈரப்புல்வெளிகளின் ஊடே செல்லும் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் போலியே-லே-லோஷ் என்ற பக்கத்து ஊர் வரும். ஃபூல்க் நெரா நிறுவிய மடம் அங்கே இருக்கிறது. எருசலேமுக்குச் சென்று திரும்பும் வழியில் 1040இல் இறந்த அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். திரும்பி வரும்போது புல்வெளியின் நடுவே நின்று பார்த்தால், அவர் கட்டிய கோபுரம் மேட்டின் முனையில் மாலை வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும்.